நைஸ் என்றால் முட்டாளா? ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லின் 700 ஆண்டுக் கதை

வாட்ஸ்அப்பில் சுற்றும் மொழித் துணுக்குகளில் இது அடிக்கடி தலைகாட்டும்: 'நைஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் உண்மையான அர்த்தம் முட்டாள். இனி யாராவது உங்களை நைஸ் என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.' கீழே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள்.

துணுக்கில் பாதி சரி. அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அறிவில்லாத, முட்டாள்தனமான என்றுதான் பொருள் தந்தது. கோளாறு இருப்பது 'உண்மையான' என்ற சொல்லில். பழைய அர்த்தம்தான் அசல், இன்றைய அர்த்தம் ஏதோ வழிதவறி வந்த போலி என்று அது சொல்லாமல் சொல்கிறது. அந்தக் கணக்கு நைஸுக்கு மட்டுமில்லை, எந்த மொழியின் எந்தச் சொல்லுக்கும் ஒத்துவராது. போதாக்குறைக்கு, கதையின் சுவையான பகுதியையும் துணுக்கு விழுங்கிவிடுகிறது. திட்டாகக் கிளம்பிய சொல் பாராட்டாக வந்து சேர்ந்தது எப்படி?

இதைப் புரிந்துகொள்ள ஆங்கில இலக்கணமோ லத்தீனோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் போன அனுபவம் போதும்.

தியேட்டர் இல்லாத தியேட்டர் ஸ்டாப்

இடித்துப் பல காலம் ஆகிவிட்ட சினிமா தியேட்டரின் பெயரில் ஒரு பஸ் ஸ்டாப்பாவது இல்லாத ஊர் நம்மிடம் குறைவு. தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபமோ அடுக்குமாடிக் குடியிருப்போ வந்திருக்கும். கண்டக்டர் மட்டும் அந்தத் தியேட்டர் பெயரைச் சொல்லித்தான் குரல் கொடுப்பார். இறங்க வேண்டியவர்கள் சரியாக இறங்குவார்கள்.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயர் கட்டடத்தைக் குறித்தது. பிறகு கட்டடத்தையும் ஸ்டாப்பையும் சேர்த்துக் குறித்தது. கட்டடம் போன பின் ஸ்டாப்பை மட்டும் குறிக்கிறது. மாற்றத்தை யாரும் அறிவிக்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்த அந்த நடுக்காலம்தான் காரியத்தை முடித்தது. படம் பார்க்கப் போனவர் கட்டடத்தை நினைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கினார், பக்கத்துத் தெருவுக்குப் போனவர் ஸ்டாப்பை நினைத்துக்கொண்டு வாங்கினார். இருவர் வாயிலும் ஒரே பெயர்தான், இருவருக்கும் கண்டக்டர் கொடுத்ததும் ஒரே டிக்கெட்தான்.

வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே இறங்கி, 'பெயர் தியேட்டர் என்று இருக்கிறதே, தியேட்டர் எங்கே? நீங்கள் எல்லோரும் தவறாகச் சொல்கிறீர்கள்' என்று சண்டை பிடித்தால் சிரிப்போம். நைஸின் உண்மையான அர்த்தம் முட்டாள் என்று சொல்பவர் அந்த வெளியூர்க்காரர்தான். ஒரு சொல்லின் மிகப் பழைய பொருளே அதன் சரியான பொருள் என்று நம்பும் இந்தத் தவறை வேர்ப்பொருள் மயக்கம் என்று சொல்லலாம். காலப்போக்கில் ஒரு சொல் சுட்டும் பொருள் நகர்வதற்குச் சொற்பொருள் மாற்றம் என்று பெயர். முன்னது நம் மனதின் கோளாறு, பின்னது மொழியின் இயல்பு.

லத்தீனில் 'தெரியாது'

லத்தீன் மொழியில் ஸ்கீரே என்றால் அறிதல். அதன் முன் 'இல்லை' என்று பொருள்படும் 'நெ' சேர்ந்து நெஸ்கீரே, அறியாதிருத்தல். அதிலிருந்து நெஸ்கியுஸ், அறியாதவன். இந்த நெஸ்கியுஸ்தான் நைஸின் பாட்டன். அதே ஸ்கீரேயிலிருந்து வந்த இன்னொரு வாரிசு சயின்ஸ். ஆக நைஸும் சயின்ஸும் ஒரே குடும்பம்: ஒன்று அறியாமையின் பக்கம் பிறந்தது, மற்றது அறிவின் பக்கம்.

லத்தீன் பேச்சுவழக்கில் தேய்ந்து பழைய பிரெஞ்சு ஆனபோது நெஸ்கியுஸும் சுருங்கியது. பொருள் அறியாதவன் என்பதிலிருந்து அசடு, அப்பாவி, பலவீனமானவன் என்ற பக்கம் சாய்ந்தது. 1066இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து போன படை இங்கிலாந்தைப் பிடித்தது. அதன் பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் நீண்ட காலம் பிரெஞ்சில் பேசின. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டு வாக்கில் நம் சொல்லும் அந்தக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது. பொருள்: முட்டாள்தனமான, விவரமில்லாத, அற்பமான.

உச்சரிப்பும் இன்றைய 'நைஸ்' இல்லை, 'நீஸ்'. ஆங்கிலத்தின் நீண்ட 'ஈ' ஒலி 'ஐ' ஆக மாறியது அதற்குப் பிறகு. டைம், லைஃப் போன்ற சொற்களிலும் அன்று 'ஈ' ஒலிதான் இருந்தது. (பிரான்சில் நீஸ் என்று ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் உறவு கிடையாது. அந்த ஊர்ப்பெயர் கிரேக்கர்களின் வெற்றித் தெய்வமான நைக்கியின் பெயரோடு தொடர்புடையது.)

சாசரின் வரி

அந்தக் காலத்து நைஸைக் காட்ட ஒரே ஒரு சான்றுதான் தரலாம் என்றால் நான் சாசரின் ஒரு வரியைத்தான் தருவேன். ஜெஃப்ரி சாசர் 14ஆம் நூற்றாண்டின் பெரிய ஆங்கிலக் கவிஞர். 1380களில் அவர் எழுதிய ட்ராய்லஸ் அண்ட் கிரிசெய்ட் என்ற நீண்ட காதல் காவியத்தின் இரண்டாம் பகுதித் தொடக்கத்தில், கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மொழியைப் பற்றிப் பேசுகிறார். ஆயிரம் ஆண்டுக்குள் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது. அன்று மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்கு விநோதமாகத் தெரிகின்றன. ஆனாலும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள், இன்றைய காதலர்களுக்குக் குறையாமல் காதலிலும் வென்றார்கள். இதுதான் சாரம்.

அந்தப் பழைய சொற்கள் நமக்கு எப்படித் தெரிகின்றன என்று சொல்ல அவர் போட்ட அடைமொழிகள் இரண்டு. ஒன்று 'விநோதமான'. மற்றது 'நீஸ்', அதாவது அசட்டுத்தனமான. அதன் முன்னால் 'வியக்கத்தக்க அளவுக்கு' என்று ஓர் அழுத்தமும் உண்டு. இன்று ஆங்கிலம் படிக்கும் மாணவர் உரை இல்லாமல் அந்த வரியைப் படித்தால், பழைய சொற்கள் பிரமாதமாக, ரொம்ப நன்றாக இருக்கின்றன என்று சாசர் பாராட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். சொற்கள் மாறிப்போகும் என்று எச்சரித்த வரியிலேயே ஒரு சொல் மாறிப்போய் வரியின் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. சாசர் ஆயிரம் ஆண்டு தவணை கொடுத்தார். அவருடைய சொல்லுக்கு நானூறு ஆண்டே போதுமானதாக இருந்தது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: லத்தீனில் 'அறியாதவன்', பிரெஞ்சில் 'அசடு', 1300 வாக்கில் ஆங்கிலத்தில் 'முட்டாள்தனமான'. இங்கே வரை துணுக்கு சொன்னது சரி. இனிமேல்தான் அது சொல்லாத பகுதி.

முந்நூறு ஆண்டுக் குழப்பம்

சாசர் காலம் தொடங்கி 1700 வரை இந்தச் சொல் எதைக் குறித்தது என்று கேட்டால், எதைத்தான் குறிக்கவில்லை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். முட்டாள்தனமான, ஒழுக்கம் கெட்ட, ஆடை அலங்காரத்தில் அளவுக்கு மீறிய, கூச்ச சுபாவமுள்ள, எதிலும் குறை காண்கிற, எளிதில் திருப்தி அடையாத, மென்மையான, எளிதில் உடையக்கூடிய, நுணுக்கமான, துல்லியமான, அற்பமான. கூச்ச சுபாவமும் ஒழுக்கக் கேடும் ஒரே சொல்லுக்குள்! இவை ஒன்று போய் ஒன்று வந்த வரிசையாகவும் இல்லை. பல அர்த்தங்கள் ஒரே தலைமுறையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் பல இடங்களில் எழுதியவர் எதை நினைத்தார் என்று முடிவு செய்வது கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்களே கைவிரித்திருக்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரில் ஓர் இடம் பரீட்சை எழுதுபவர்களைத் தவறாமல் கவிழ்க்கும். 1590களில் எழுதப்பட்ட ரோமியோ அண்ட் ஜூலியட்டின் கடைசி அங்கம். ஜூலியட் சாகவில்லை, மயக்க மருந்தில் கிடக்கிறாள் என்று ரோமியோவுக்குத் தெரிவிக்கும் கடிதம் போய்ச் சேரவில்லை. எடுத்துப் போன துறவியைக் கொள்ளைநோய்ப் பயத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கடிதத்தை அனுப்பிய லாரன்ஸ் பாதிரியார் செய்தி கேட்டுப் பதறிப்போய், அந்தக் கடிதம் 'நைஸ்' இல்லையே, மிக முக்கியமான விஷயம் அடங்கியதாயிற்றே என்கிறார். கடிதம் இனிமையாக இல்லை என்றா சொல்கிறார்? இல்லை. அது அற்பக் கடிதம் இல்லை என்கிறார். அதே நாடகத்தில் ஒரு வாள் சண்டைக்குப் பின், சண்டைக்கான காரணம் எவ்வளவு 'நைஸ்' என்று ரோமியோவின் நண்பன் பென்வோலியோ சொல்வதும் இதே பொருளில்தான்: காரணம் எவ்வளவு சில்லறையானது என்று.

ஒரு பொருள் இன்னொன்றாவது எப்படி?

அசடு என்பதிலிருந்து துல்லியம் என்பதற்கு ஒரே தாவலில் போக முடியாது. சின்னச் சின்னக் காலடிகளாகப் போகலாம்.

ஒருவன் பகட்டாக உடுத்துகிறான். ஊர் அவனை 'நைஸ்' என்கிறது. சொல்பவர் நினைப்பது 'அசட்டுத்தனம்'. கேட்பவர் கண்முன் நிற்பதோ மடிப்புக் கலையாத பட்டுச்சட்டை. 'ஆடையில் அதிகக் கவனம் வைப்பவனைச் சொல்கிறார்கள் போலிருக்கிறது' என்று அவர் எடுத்துக்கொள்கிறார். பேச்சு தடைபடவில்லை, இரண்டு பொருளும் அந்த இடத்தில் பொருந்தின. இப்படிப் பழைய பொருளும் புதிய பொருளும் இரண்டுமே பொருந்தக்கூடிய பேச்சு நிலைமையை மொழியியலார் பாலச்சூழல் என்பார்கள். சொன்னவரை விசாரித்தால் பழைய கரையில் நிற்பதாகவே சொல்வார், காதில் வாங்கியவரோ ஏற்கெனவே அக்கரைக்குப் போயிருப்பார். அவர் அடுத்த முறை அந்தச் சொல்லைப் பட்டுச்சட்டையே இல்லாத இடத்தில், 'அளவுக்கு மீறிக் கவனம் பார்க்கிற' என்ற பொருளில் மட்டும் பயன்படுத்தும்போது மாற்றம் முடிந்துவிடுகிறது.

அளவுக்கு மீறிக் கவனம் பார்ப்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பிடிக்காவிட்டால் நச்சு பிடித்தவர் என்போம். பிடித்துவிட்டால் ரசனைக்காரர் என்போம். ஆள் ஒருவரேதான். இந்த இடத்தில்தான் நைஸ் திட்டிலிருந்து பாராட்டுக்குக் கடந்தது என்பது என் வாசிப்பு. எதிலும் குறை காண்பவர் என்பது மெல்ல, நுட்பமாக வேறுபாடு காண்பவர் என்றானது. அங்கிருந்து நுணுக்கமான, துல்லியமான என்ற பொருள்களுக்கு அதிக தூரமில்லை.

இன்னொரு நகர்வு பாக்கி இருக்கிறது, அதுதான் இன்றைய அர்த்தத்தைத் தந்தது. முதலில் மனிதரைக் குறித்த சொல் பொருளைக் குறிக்கத் தொடங்கியது. நாக்கு நைஸ் என்றால் சுவை வேறுபாடு அறிந்த நாக்கு. அந்த நாக்குக்கும் பிடித்த பண்டத்தை என்ன சொல்வது? அதுவும் நைஸ். 18ஆம் நூற்றாண்டில் பண்டத்தைப் பற்றி அப்படிச் சொன்னபோது, 'நுட்பமாகச் செய்த' என்றும் புரிந்துகொள்ளலாம், 'சுவையான' என்றும் புரிந்துகொள்ளலாம். மறுபடியும் ஒரு பாலச்சூழல். அதே நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் சாப்பாடு, வானிலை, நடை, வீடு என்று மனதுக்கு இதமான எதையும் நைஸ் என்று சொல்வது பரவிவிட்டது. 'அன்பான, பிறரிடம் இதமாக நடந்துகொள்கிற' என்ற பொருள் அதற்கும் பின்னால், 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 'அவர் ரொம்ப நைஸ்' என்று இன்று நாம் சொல்வது, சொல்லின் வயதோடு பார்த்தால், நேற்றுப் பிறந்த பொருள்.

சுருக்கமாக: பொருள் தாவுவதில்லை, ஊர்கிறது. இரண்டு பொருளும் பொருந்தும் இடத்தில் சொன்னவர் ஒன்றை நினைக்க, கேட்டவர் மற்றொன்றை எடுத்துக்கொள்கிறார். பேச்சு தடையில்லாமல் நடப்பதால் யாரும் திருத்துவதில்லை.

எதிரே இறங்கி வந்த சொல்

நைஸ் கீழிருந்து மேலே வந்ததல்லவா? இழிவான பொருளிலிருந்து உயர்ந்த பொருளுக்கு ஒரு சொல் நகர்வதைத் தமிழில் உயர்பொருட்பேறு என்பார்கள். இதற்கு நேர் எதிர், இழிபொருட்பேறு. அதற்கு ஆங்கிலத்திலேயே அழகான எடுத்துக்காட்டு சில்லி. இன்று அசட்டுத்தனமான என்று பொருள்படும் இந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சியான, ஆசி பெற்ற என்று பொருள் தந்தது. கடவுளின் ஆசி பெற்றவர் கள்ளமற்றவர், கள்ளமற்றவர் பாவம், ஏமாறக்கூடியவர், பாவப்பட்டவர் பலவீனமானவர், பலவீனம் உடம்பிலிருந்து புத்திக்கு மாறியதும் அசடு. கடைசிக் கட்டம் 16ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ஸேலிக் இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது. இன்றும் அதற்குப் பேரின்ப நிலையில் உள்ள, ஆசி பெற்ற என்றே பொருள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரு கடலுக்கு இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று. வேர் விதியைத் தீர்மானிக்கும் என்றால் இரண்டும் ஒன்றாகவே போயிருக்க வேண்டும்.

அசடாகப் பிறந்த நைஸ் நல்லதாகிவிட்டது. ஆசியோடு பிறந்த சில்லி அசடாகிவிட்டது.

இது நமக்குப் புதிதா என்ன? நாற்றம் பூவின் மணமாக இருந்ததைக் குறளில் (1274) பார்க்கலாம். இன்று அந்தச் சொல்லைப் பூக்கடையில் சொல்லிப் பாருங்கள். கழகம் எதிர்த் திசையில் போனது. சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம், காலெடுத்து வைத்தால் செல்வமும் பண்பும் போய்விடும் என்கிறது குறள் 937. இன்று பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் சாக்லேட் கொடுக்கிறோம். இவை இரண்டும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். என்னை அதிகம் யோசிக்கவைப்பது வெகுளி. வெகுளாமை என்று கோபத்தைத் தவிர்ப்பதற்கே வள்ளுவர் ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே வெகுளி என்றால் சினம். இன்று வெகுளி என்றால் சூதுவாது தெரியாத அப்பாவி. 'அவள் வெகுளி, எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள்' என்கிறோமே, அந்த வாக்கியத்தில் நின்று பார்த்தால் சட்டென்று கோபம் வந்து போகிறவரும் கள்ளமற்றவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடிய ஒரு பாலச்சூழல் தெரிகிற மாதிரி இருக்கிறது.

மூன்று பேர், மூன்று நைஸ்

1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் நைஸுக்கு முதல் பொருள், மிக நுண்ணிய அளவுக்குத் துல்லியமாக மதிப்பிடுகிற என்பது. அளவுக்கு மீறிய நுணுக்கம் என்ற கண்டனத் தொனியும் கூடவே இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் நிலைமை எப்படி மாறியது என்பதை ஜேன் ஆஸ்டின் ஒரே உரையாடலில் பிடித்துவைத்திருக்கிறார். நாவலின் பெயர் நார்த்தாங்கர் அபி. 1790களின் இறுதியில் எழுதி, அவர் இறந்த பின் 1817 டிசம்பரில் வெளிவந்தது.

பாத் நகரத்துக்கு அருகே மூன்று பேர் குன்றேறி உலாவப் போகிறார்கள். பதினேழு வயது கேத்தரின் தனக்குப் பிடித்த ஒரு திகில் நாவலை உலகத்திலேயே நைஸான புத்தகம் என்கிறாள். கூட வரும் ஹென்றி குறும்புக்காரன். நைஸ் என்றால் நேர்த்தி என்றுதானே பொருள், அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். கேத்தரின் விடவில்லை, நைஸான புத்தகத்தை நைஸ் என்று ஏன் சொல்லக் கூடாது? ஆமாம், இது நைஸான நாள், நாம் நைஸாக நடக்கிறோம், நீங்கள் இருவரும் நைஸான பெண்கள் என்று ஹென்றி அடுக்குகிறான். முதலில் நேர்த்தி, கண்ணியம், நயம் இவற்றுக்கு மட்டும் இருந்திருக்க வேண்டிய சொல், இப்போது எல்லாப் பாராட்டுக்கும் அந்த ஒரே சொல்தான் என்று அலுத்துக்கொள்கிறான். அவனுடைய தங்கை எலினார் கடைசியில் ஒரு போடு போடுகிறாள்: அந்தச் சொல் பொருந்துவது உனக்குத்தான், பாராட்டாக இல்லை, நீ புத்திசாலியாக இருப்பதைவிட நைஸாக இருப்பதுதான் அதிகம்.

கேத்தரின் வாயில் நைஸ் 'நல்ல'. ஹென்றி வாயில் 'நேர்த்தியான'. எலினார் வாயில் 'நச்சு பிடித்த'. ஒரே நடைப்பயணத்தில் மூன்று நூற்றாண்டு. ஹென்றியின் வழக்கு எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பிடிக்கும். முதலில் இருந்த பொருள் என்று அவன் பெருமையாகக் காட்டுவது முதல் பொருளே இல்லை, நடுவில் வந்த ஒன்று. சொல்லின் தூய்மைக்காக வாதாடுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்: தங்கள் தாத்தா காலத்துப் பொருளை ஆதிப்பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஹென்றியின் புகாரில் நியாயம் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் பயன்படும் சொல், குறிப்பாக எதையும் சொல்வதில்லை. அதிகப் பயன்பாட்டால் ஒரு சொல்லின் குறிப்பான பொருள் மங்கி, பொதுவான சாயல் மட்டும் மிஞ்சுவதைப் பொருள் வெளுப்பு என்கிறார்கள். 1926இல் ஆங்கிலச் சொல்லாட்சிக் கையேடு எழுதிய ஃபௌலரும் நைஸ் வெறும் மங்கலான இனிமையைப் பரப்பும் சொல்லாகக் கெட்டுவிட்டது என்று நொந்துகொண்டார். அதற்கான பழியைப் பெண்கள் தலையில் போட்டதை மட்டும் இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். கட்டுரையில் நைஸ் போடாதே என்று ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையால் அடிப்பது இந்த வெளுப்புக்கு எதிரான போர்தான்.

வெளுப்பின் எல்லையைப் பார்க்க ஃபேஸ்புக்குக்கு வாருங்கள். சித்தி பையனின் பிறந்தநாள் படத்துக்குக் கீழே வரிசையாக 'நைஸ்', 'நைஸ் பிக்'. அதற்குப் பொருள் 'பார்த்துவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்' என்பதுதான். படம் நல்லதா, கெட்டதா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. இப்படி வெளுத்த சொல்லில் கிண்டலும் எளிதாக ஏறிக்கொள்ளும். யாராவது காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்து நிற்கும்போது ஆங்கிலத்தில் இழுத்துச் சொல்லும் 'நைஸ்' எந்தப் பாராட்டிலும் சேராது. நல்லவனாக நடந்துகொண்டதற்குக் கூலியாகப் பெண்ணின் காதலை எதிர்பார்ப்பவனை இணையத்தில் 'நைஸ் கய்' என்று கேலி செய்வதும் இப்படித்தான். மேலே ஏறிய சொல் அந்த ஒரு தொடரில் மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய பொருள்கள் எங்கே போயின?

முழுதாகச் செத்துவிடவில்லை. ஆங்கிலத் தீர்ப்புகளிலும் தத்துவ நூல்களிலும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்தால் நல்ல வேறுபாடு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது நுண்ணிய வேறுபாடு. 'நைஸ் பாயின்ட் ஆஃப் லா' என்று வக்கீல் சொன்னால் அது நூலிழை அளவு நுட்பமான சட்டச் சிக்கல். நைஸிட்டி என்ற பெயர்ச்சொல்லிலும் அந்த நுணுக்கம் பத்திரமாக இருக்கிறது. பழைய பொருள்கள் பெரும்பாலும் இப்படித் துறைசார்ந்த தொடர்களுக்குள் ஒதுங்கித்தான் பிழைக்கின்றன.

புதுப் பொருளுக்கும் ஒரு துறை கிடைத்திருக்கிறது. கணினியில் லினக்ஸ், யூனிக்ஸ் என்ற இயங்குதளங்களில் வேலை செய்பவர்களுக்கு 'நைஸ்' ஒரு கட்டளை. பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது எது எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அதில் சொல்லலாம். லினக்ஸில் அளவு -20 முதல் 19 வரை. எண் ஏற ஏற, அந்த நிரல் மற்றவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும், அதாவது ரொம்ப நைஸாக நடந்துகொள்ளும். -20 என்றால் வரிசையை முறித்துக்கொண்டு முன்னால் போய் நிற்கும் ரகம். 19ஆம் நூற்றாண்டில் பிறந்த 'பிறரிடம் இதமாக நடக்கிற' என்ற பொருள் இல்லாவிட்டால் இந்தக் கட்டளைக்கு இந்தப் பெயர் வந்திருக்காது.

நம் வீட்டு நைஸ்

கடைசியாக, ஆங்கிலேயருக்குத் தெரியாத ஒரு நைஸ் இருக்கிறது. அது தமிழில் புழங்குவது.

சமையல் குறிப்பில் 'தேங்காயையும் மிளகாயையும் நைஸாக அரைத்துக்கொள்ளவும்' என்று வரும். துணிக்கடையில் சேலையைத் தடவிப் பார்த்து 'நைஸா இருக்கு' என்போம். இரண்டிலும் நைஸ் என்றால் மழமழப்பு, மென்மை, பொடியின் நுண்மை. இங்கிலாந்தில் ஒருவரிடம் மசாலாவை நைஸாக அரைக்கச் சொன்னால் அன்பாக அரைக்க வேண்டுமா என்று விழிப்பார். 'நைஸா பேசி ஐந்நூறு ரூபாயைக் கறந்துட்டான்', 'வேலை வந்ததும் நைஸா கழண்டுக்கிட்டான்', 'மேனேஜரை நைஸ் பண்றான்' என்பவை இன்னொரு பக்கம். இங்கே தந்திரம், சந்தடியில்லாமை, காக்காய் பிடித்தல். ஆங்கில நைஸில் இந்தத் திருட்டுத்தனம் இல்லை.

இவை எல்லாவற்றையும் கட்டுகிற நூல் வழவழப்பு. கைக்குத் தட்டுப்படாத மாவு, காதுக்கு உறுத்தாத பேச்சு, கண்ணில் படாமல் நழுவும் ஆள். நாம் அந்தச் சொல்லைக் கடன் வாங்கினோமே தவிர அதன் பொருளை வாடகைக்கு எடுக்கவில்லை, நம் வசதிக்கு இடித்துக் கட்டிக்கொண்டோம். இதைத் 'தவறான ஆங்கிலம்' என்று திருத்த வருபவர்கள் உண்டு. மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது மில்காரர் 'நைஸா அரைக்கவா, கொஞ்சம் கரகரப்பா வேணுமா?' என்று கேட்டால் அவர்களும் பதில் சொல்லத்தான் போகிறார்கள். இடியாப்பத்துக்கு என்றால் நைஸாக, கொழுக்கட்டை உப்புமாவுக்கு என்றால் கரகரப்பாக.